பிரஷர் மாத்திரை எந்த வாசலை அடைக்கிறது?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குப் போகும் வழியில் ஓர் ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பழைய செட்டியார் வீடு ஒன்றின் முகப்பை ஒட்டிய சின்னக் கடை. இங்கே அதிகம் விற்பது காய்ச்சல் மாத்திரையோ தலைவலி மாத்திரையோ அல்ல. அம்லோடிபின். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. பழைய அட்டையை நீட்டி, "இதே மாத்திரை, பத்து நாளைக்கு மட்டும் வெட்டிக் கொடுங்கள்" என்பார்கள். சிலர் அட்டைகூடக் கொண்டுவருவதில்லை. "பிரஷர் மாத்திரை" என்றால் எனக்குத் தெரிந்துவிட வேண்டும்.

அண்மையில் ஓர் ஆச்சி இரண்டு சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று எலும்பு மருத்துவர் எழுதியது: கால்சியம் மாத்திரை. இன்னொன்று அம்லோடிபின். "தம்பி, சிங்கப்பூரில் இருக்கிற பேரன் போனில் பார்த்துச் சொன்னான். இந்த மாத்திரை கால்சியத்தை அடைக்கிறதாமே? ஒருவர் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் அடைக்கச் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆச்சி என் பதிலுக்குக் காத்திருந்து வரவில்லை, முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். பிரஷர் மாத்திரையை நிறுத்தியாயிற்று. பாலைக் குறைத்தாயிற்று. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி.

கடையில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இரண்டு வரிதான்: இரண்டையும் போடுங்கள், ஒன்றுக்கொன்று சண்டை இல்லை, நிறுத்துவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். முழுப் பதில் கொஞ்சம் நீளம். அது அந்தப் பேரனுக்கும், அவரைப் போலப் பாதி படித்துவிட்டுப் போன் செய்யும் மற்றப் பேரன்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் உடம்பு மிகவும் கறாரானது. ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம், அதற்கு மேலும் கீழும் விடாது. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், கூடினால் சிறுநீரில் தள்ளும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் வைட்டமின் டியும் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு டம்ளர் பால் குடித்தாலும் சரி, மருத்துவர் எழுதிய அளவில் கால்சியம் மாத்திரை போட்டாலும் சரி, ரத்தக்குழாய் இறுகிவிடாது. சொல்லப்போனால் நிலைமை நேர் எதிர். உணவில் கால்சியம் போதாத பகுதிகளில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1.5 முதல் 2 கிராம் வரை கால்சியம் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்வதே, கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முற்றி ஆபத்தாகிவிடாமல் தடுப்பதற்காகத்தான்.

அம்லோடிபின் ரத்தத்தில் ஓடும் கால்சியத்தைத் தொடுவதில்லை. எலும்புக்குப் போகும் கால்சியத்தையும் மறிப்பதில்லை. அது அடைப்பது ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்லின் மேல் சவ்வில் இருக்கும் ஒரு வாசலை. கால்சியம் சேனல் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தப் புரத வாசலைத்தான். எவ்வளவு கால்சியம் உள்ளே போயிற்று என்பது முக்கியம்தான். எந்தச் செல்லுக்குள், எந்த வாசல் வழியாகப் போயிற்று என்பது அதைவிட முக்கியம். ரத்தக் கொதிப்பின் பாதிக் கதை இதில் அடங்கிவிடும்.

தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்று உலகுக்குத் தெரியவந்ததே ஒரு குழாய்த் தண்ணீரால். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் கரைசலைக் கலக்கியிருக்கிறார் என்பது. வடித்த நீரில் கலக்கினால் துடிப்பு தளர்ந்து நின்றுபோயிற்று. லண்டன் தண்ணீரில் இருந்த சுண்ணச்சத்துதான் வேறுபாடு. 1883இல் ரிங்கர் இதை எழுதி வெளியிட்டார். போர்த் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டியே கை ஓய்ந்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். அந்தப் படிவில் முக்கால்வாசி என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரத்தக்குழாயிலும் இதே கதைதான். சிறு தமனிகளின் சுவரில், குழாயைச் சுற்றி வளைத்தபடி வரியற்ற தசைச் செல்கள் இருக்கின்றன. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். செல் தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கால்சியத்தை வெளியே தள்ளுவதற்காகவே செலவழிக்கிறது. சவ்வின் மின்னழுத்தம் ஒரு நிலைக்கு வந்தால் வாசல் திறக்கிறது, கால்சியம் பாய்கிறது, உள்ளே கால்மோடுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது, அது ஒரு நொதியை முடுக்குகிறது, தசை இறுகுகிறது, குழாய் குறுகுகிறது. இதற்கு மூளையின் உத்தரவுகூட எப்போதும் தேவையில்லை. உள்ளே அழுத்தம் கூடினால் சிறு தமனி தானே இறுகிக்கொள்ளும் என்று வில்லியம் பேலிஸ் 1902இலேயே எழுதிவிட்டார்.

குழாய் கொஞ்சம் குறுகினால் என்ன குடி முழுகிவிடும்? முழுகும். பிரான்சின் புவாசே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுசொன்ன கணக்கு இது: குழாயின் எதிர்ப்பு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எதிர்ப்பு ஏறத்தாழ 52 சதவீதம் ஏறும். பாதியாகக் குறைந்தால் பதினாறு மடங்கு. ரத்தம் புவாசே கணக்குக்கு அப்படியே கட்டுப்படும் திரவம் அல்ல என்றாலும் திசை இதுதான். கண்ணுக்குத் தெரியாத சிறு தமனிகளில் நடக்கும் மயிரிழைச் சுருக்கம், கையில் பட்டை கட்டி அளக்கும்போது 160 என்று வந்து நிற்கிறது.

ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கென்ஸ்டைன் 1960களில் வெராபமில் போன்ற மருந்துகளை இதயத் தசையில் போட்டுப் பார்த்தார். கால்சியமே இல்லாத கரைசலில் தசை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொண்டது. கால்சியத்தின் வழியை மறிக்கும் மருந்து என்ற வகையே அப்படித்தான் பிறந்தது. நிஃபெடிபின் 1970களில் வந்தது, அம்லோடிபின் 1990களின் தொடக்கத்தில். இந்த இரண்டுக்கும் இதயத்தைவிட ரத்தக்குழாய்த் தசை மேல் பிடிப்பு அதிகம். குழாய்த் தசையின் சவ்வு எப்போதும் அரைகுறையாகத் தூண்டப்பட்ட நிலையிலேயே இருக்கும். அந்த நிலையில் இருக்கும் வாசலைத்தான் இந்த மருந்துகள் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன.

அம்லோடிபினின் குணத்தில் கடைக்காரனுக்கு மிகவும் வேண்டியது அதன் நிதானம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகும். தினமும் ஒன்றாகப் போட்டு வந்தால் உடம்பில் நிலையான அளவுக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். "மூன்று நாளாகப் போடுகிறேன், இறங்கவே இல்லை, வேறு மாத்திரை கொடு" என்று வருபவரிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. நிறுத்துபவர்களைத்தான் இந்த நிதானம் இன்னும் ஏமாற்றுகிறது. மாத்திரை தீர்ந்துபோய் ஒரு நாள் விட்டுப்போயிருக்கும். அன்றைக்கு அளந்தால் அளவு சரியாகவே இருக்கும். "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே சரியாக இருக்கிறது" என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாகிவிடும். நேற்று வரை போட்ட மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தோன்றாது. அடுத்த வாரம் கல்யாணத்துக்குப் போய்விட்டு, தலைசுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பழி கல்யாணத்துச் சாப்பாட்டின் மேல் விழும்.

வேகமாக இறக்கும் மருந்துக்கு வேறு ஒரு சரித்திரம் உண்டு. நிஃபெடிபின் கேப்சூலை ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் திரவத்தை நாக்குக்கு அடியில் விடும் வழக்கம் ஒரு காலத்தில் உலகம் முழுக்க இருந்தது. பழைய ஆட்கள் இன்றைக்கும் அதைக் கேட்டு வருவார்கள். சில நிமிடங்களில் அழுத்தம் சடாரென்று விழும். விழுவது நல்லதுதானே என்றால், மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தமும் சேர்ந்தே விழும். பக்கவாதமும் மாரடைப்பும் வந்த நோயாளிகளைத் தொகுத்து, இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1996இல் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். பல ஆண்டுகளாக இறுகியிருந்த குழாயை ஐந்து நிமிடத்தில் தளர்த்துவதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

அம்லோடிபின்மேல் நான் தினம் கேட்கும் குறை, கால் வீக்கம். கடைக்கு முன்னால் உள்ள திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டுவார்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தால், விரல் பட்ட இடம் குழிந்து அப்படியே நிற்கும், மெல்லத்தான் நிரம்பும். சாயங்காலத்தில் அதிகம், காலையில் குறைவு. உடனே "கிட்னி போய்விட்டதா?" என்று பயந்துபோவார்கள். கிட்னியில் கோளாறு இருந்தாலும் கால் வீங்கும், ஆகவே மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் அம்லோடிபின் போடுபவருக்கு, அதிலும் பத்து மில்லிகிராம் போடுபவருக்கு, காரணம் பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. மாத்திரை நுண்தமனியைத் திறந்துவிடுகிறது. அந்தப் பக்கம் ரத்தத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும் சிறு சிரைகளை அந்த அளவுக்குத் திறப்பதில்லை. வரத்து கூடி, போக்கு அப்படியே இருந்தால் நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரையை எவ்வளவு போட்டாலும் இந்த வீக்கம் பெரிதாக வடிவதில்லை. அளவைக் குறைப்பார்கள், அல்லது சிரைப் பக்கத்தையும் தளர்த்தும் ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை மருந்து ஒன்றைக் கூடச் சேர்ப்பார்கள், வீக்கம் குறையும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சிறுநீர் மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொண்டு பொட்டாசியம் இறங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது தசையின் கதை. மீதிக் கதை அதற்கும் உள்ளே இருக்கிறது.

இங்கே பழைய வீடு இடிபடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போன பிறகு, உடைந்த சுவர் வெறுமனே நிற்கும். அதன் குறுக்குவெட்டில் அடுக்கடுக்காகச் சுண்ணாம்புப் பூச்சு தெரியும்: அடியில் பருமனான காரை, மேலே வரவர நைசான அரைப்பு, கடைசியில் முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய, கன்னத்தை வைத்தால் குளிரும் மேல்பூச்சு. ரத்தக்குழாயின் உட்படலத்தையும் உலகம் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்திருந்தது. ரத்தம் வழுக்கிக்கொண்டு போவதற்கான மெருகு. சுவரைத் தாங்குவதும் சுருக்குவதும் உள்ளே இருக்கும் தசையின் பாடு. 1865இல் வில்ஹெல்ம் ஹிஸ் இந்தப் படலத்துக்கு எண்டோதீலியம் என்று பெயர் வைத்த பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மதிப்புதான். ஒரே ஒரு செல் கனமுள்ள படலம், வேறு என்ன செய்துவிடும்?

அது என்ன செய்யும் என்று காட்டியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனியைத் துண்டாக வெட்டி, நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுப் பார்ப்பது அவருடைய நெடுநாள் வேலை. உயிருள்ள உடம்பில் அசிட்டைல்கோலின் ரத்தக்குழாயைத் தளர்த்தும். அவருடைய துண்டுகளோ சுருங்கிக்கொண்டே இருந்தன. ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1978இல் ஆய்வகத்தில் ஒரு சோதனை வரிசை மாறிப்போனதில், சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. ஃபர்ச்காட் அதை விட்டுவிடவில்லை. தோண்டித் துருவியபோது காரணம் அகப்பட்டது: தமனியை வெட்டித் தயாரிக்கும்போது அதன் உட்பக்கம் எங்காவது உரசிப் படலம் போய்விடுகிறது. படலம் போன துண்டு சுருங்கியது, படலம் இருந்த துண்டு தளர்ந்தது.

அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. படலத்தைச் சுரண்டி எடுத்த ஒரு துண்டு, படலம் இருக்கும் இன்னொரு துண்டு. உட்பக்கமும் உட்பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டையும் சேர்த்துக் கட்டினார். அசிட்டைல்கோலின் விட்டார். தனியாக இருந்தபோது தளரத் தெரியாத மொட்டைத் துண்டு இப்போது தளர்ந்தது. ஆக, பக்கத்துத் துண்டின் படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து, இடைவெளியைத் தாண்டி வந்து இதன் தசைக்குச் சேதி சொல்லியிருக்கிறது. 1980இல் ஜான் சவாட்ஸ்கியுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். இரண்டு துண்டுத் தமனியும் ஒரு கட்டும். இதைவிட மலிவான சோதனை கிடைக்காது.

அந்த "ஏதோ ஒன்று" நைட்ரிக் ஆக்சைடு என்று 1980களின் கடைசியில் உறுதியாயிற்று. ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். சில நொடிகள்தான் ஆயுள். இதய வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் இந்த வாயுவின் வழியாகத்தான் வேலை செய்கிறது என்று ஃபெரிட் முராட் அதற்கு முன்பே காட்டியிருந்தார். ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபெல் பரிசு கிடைத்தது. டைனமைட்டில் நைட்ரோகிளிசரினை அடைத்துப் பணம் பார்த்த ஆல்பிரெட் நோபெலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினை எழுதிக் கொடுத்தார்கள் என்பது கதைக்கு நடுவே வரும் வேடிக்கை. படலம் தளர்த்த மட்டும் செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே படலம் எண்டோதீலின் என்ற, குழாயைக் கடுமையாக இறுக்கும் பொருளையும் சுரக்கிறது. 1988இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். எதை எப்போது விடுவது என்று தீர்மானிக்கும் இடம் அது. மெருகுப் பூச்சு என்ற எண்ணம் அத்தோடு ஒழிந்தது.

இப்போது கதை ஆச்சியின் கேள்விக்குத் திரும்ப வருகிறது, வேறு வழியாக. படலச் செல் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்க என்ன வேண்டும்? கால்சியம். படலச் செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால், அங்கேயும் கால்மோடுலின்தான் அதைப் பற்றிக்கொள்கிறது. அது முடுக்கும் நொதி மட்டும் வேறு: அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குவது. தசைச் செல்லில் குழாயை இறுக்கும் கால்சியம், அதை ஒட்டியுள்ள படலச் செல்லில் குழாயைத் தளர்த்துகிறது. கால்சியம் நல்லதா கெட்டதா என்று கேட்டால், எந்த அறையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

படலச் செல்லின் வாசல்கள் வேறு இனம். மின்னழுத்தத்தைப் பார்த்துத் திறக்கும் தசை வாசல் பொதுவாக அங்கே கிடையாது. ரத்தம் உரசிக்கொண்டு ஓடும் விசையைப் பார்த்துத் திறப்பவை அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்று பியெஸோ1. அதை 2010இல் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் 2021இல் நோபெல் பெற்றார். அதே பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர் டேவிட் ஜூலியஸ். அவர் 1997இல் கண்டுபிடித்தது நமக்கு இன்னும் நெருங்கியது: மிளகாயின் காரம் நாக்கில் திறக்கும் வாசல். அதன் பெயர் டி.ஆர்.பி.வி.1. மிளகாயில் உள்ள கேப்சைசின் பட்டதும் அந்த வாசல் திறந்து கால்சியமும் சோடியமும் நரம்புக்குள் பாய்கின்றன. மூளை "எரிகிறது" என்கிறது. வெள்ளைப் பணியாரத்துக்கு மிளகாய்த் துவையல் தொட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் விட்டவர்கள் எல்லாரும் கால்சியம் சேனல் திறப்பதை நேரில் அனுபவித்தவர்கள்.

மிளகாய் வாசலின் உடன்பிறப்பு டி.ஆர்.பி.வி.4. அது படலச் செல்லில் இருக்கிறது. 2012இல் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் எலியின் குடல் பக்கத்துச் சிறு தமனியைப் பிளந்து விரித்து வைத்து, இந்த வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதை ஒளிப்புள்ளிகளாகப் படம் பிடித்தார்கள். ஒரு செல்லில் மூன்றே மூன்று வாசல் திறந்தால் போதும், குழாய் முழு அளவுக்கு விரிந்துவிடுகிறது. அந்தச் சிறு தமனிகளில் சேதி போகும் வழியில் நைட்ரிக் ஆக்சைடுக்கு அவ்வளவு பங்கில்லை. உள்ளே வந்த கால்சியம் பொட்டாசிய வாசல்களைத் திறக்கிறது. படலச் செல்லின் மின்னழுத்தம் இறங்குகிறது. படலமும் தசையும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் வழியாக அந்த இறக்கம் தசைக்குப் பரவுகிறது. தசையின் கால்சியம் வாசல் தானே மூடிக்கொள்கிறது. அம்லோடிபின் வெளியிலிருந்து வந்து அடைக்கும் அதே வாசலை, ஆரோக்கியமான படலம் உள்ளிருந்து மூடுகிறது.

அம்லோடிபின் வேலை செய்வதற்கே இந்த வேறுபாடுதான் இடம் கொடுக்கிறது. அது தசையின் வாசலை அடைக்கிறது; படலத்தின் வாசலை விட்டுவிடுகிறது. இரண்டையும் சேர்த்து அடைக்கும் மருந்தாக இருந்திருந்தால், ஒரு கையால் தளர்த்தி மறு கையால் இறுக்கியிருக்கும்.

ஆனால் மாத்திரை படலத்தைப் பழுது பார்த்துத் தந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ள பலருக்குப் படலம் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். புகை, கட்டுக்கடங்காத சர்க்கரை, உடல் பருமன், அதிக உப்பு எல்லாமே அதன் நைட்ரிக் ஆக்சைடைக் குறைப்பவை. இங்கேதான் எனக்கு ஊரோடு ஒரு வழக்கு உண்டு. பிரஷர் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது காரம். "காரம் சாப்பிட்டால் ரத்தம் கொதிக்கும்" என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். பாவம் மிளகாய், அது ஒரு குற்றமும் செய்யவில்லை. ரத்தக் கொதிப்பு உள்ள எலிகளுக்கு நீண்ட காலம் கேப்சைசின் கலந்த தீனி போட்டுப் பார்த்ததில், படலத்தில் இருக்கும் மிளகாய் வாசல் வழியாக அழுத்தம் இறங்கியது என்று 2010இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மிளகாயை அள்ளித் தின்ன வேண்டாம். எலிக்கு நடந்தது எலிக்கு.

உப்புதான் ஆள். காரத்தை நிறுத்தியவர் இலையில் பாருங்கள்: மாவடு, அப்பளம், சுண்டைக்காய் வற்றல், ஞாயிற்றுக்கிழமை என்றால் உப்புக்கண்டம் பொரித்தது. மாலைக் காப்பிக்குச் சீப்புச் சீடை, தேன்குழல். காரம் சிலவற்றில்தான், உப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. பத்தியம் பிடித்துவிட்டதாக வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிகூட முழுதாக இல்லை. சமையலுக்குப் போடும் உப்பிலேயே அது முடிந்துவிடும். மழை குறைந்த இந்த மண்ணில் வெயிலையும் உப்பையும் வைத்தே வருடம் முழுவதற்கும் சேமித்துச் சாப்பிடப் பழகியவர்கள் நாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலில் போனவர்களோடு கூடவே போனது இந்த உப்பிட்ட சாமான்கள்தான். அந்தக் கைப்பக்குவத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வராது. மாவடு ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்காராதீர்கள் என்று சொல்லலாம், சொல்லுகிறேன்.

2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளந்து பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் விற்பனையில் ஒரு பகுதி அதனால் குறைந்தது. குறை சொல்ல மனம் வரவில்லை. கடைக்கு வர முடியாமல் வளவில் படுத்தே கிடக்கும் முதியவர்களுக்கு மாதம் தவறாமல் மாத்திரை போய்ச் சேருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு முழுக்கப் பூட்டிய அறைகள், முகப்பில் ஒருவர் மட்டும் என்று இருக்கும் ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

சில பேர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் படலத்துக்கு ஒரு மாத்திரை இல்லையா, அண்ணே?" என்று கேட்பார்கள். ஓரளவு உண்டு. நெபிவோலால் என்ற மருந்து படலத்தின் நைட்ரிக் ஆக்சைடையும் கூட்டுகிறது. ராமிப்ரில் வகைக்கும் படலத்தின்மேல் நல்ல செல்வாக்கு உண்டு. எதுவும் மருத்துவர் எழுதித்தான். கடைச் சரக்கில் இல்லாத மருந்து ஒன்றும் இருக்கிறது: நடை. நடக்கும்போது ரத்தம் வேகமாக உரசி ஓடும். அந்த உரசல்தான் படலத்தின் வாசலைத் திறப்பது. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போய் வருவதையே நடை என்று கணக்கு வைத்திருப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. வீட்டின் நீளத்தைச் சொல்லி வாயடைத்துவிடுவார்கள்.

நேராகவே டி.ஆர்.பி.வி.4ஐத் திறந்துவிடும் மாத்திரை ஒன்றைச் செய்துவிட்டால்? அப்படி ஒரு வேதிப்பொருளை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2008இல் எழுதினார்கள். அழுத்தம் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வாசல் திறந்ததால் படலமே தாறுமாறாகி, நுரையீரலில் கசிந்து, ரத்த ஓட்டம் குலைந்து விலங்குகள் இறந்தன. மூன்று வாசல் போதும் என்று இருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் திறந்தால் வேறென்ன நடக்கும்.

அதனால் இப்போது ஆராய்ச்சி வேறு பக்கம் போகிறது. வர்ஜீனியாவில் பருமனான எலிகளை ஆராய்ந்தபோது, டி.ஆர்.பி.வி.4 வாசல் செல்லில் இருந்தும் வேலை செய்யாததைக் கண்டார்கள். நைட்ரிக் ஆக்சைடும், சூப்பராக்சைடு என்ற துடுக்கான ஆக்சிஜன் வடிவமும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற அரிக்கும் பொருளாக மாறி, அந்த வாசலுக்குத் துணை நிற்கும் ஏ.கே.ஏ.பி.150 என்ற புரதத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. பெராக்சிநைட்ரைட்டைக் குறைத்தபோது வாசல்கள் மறுபடி திறக்கத் தொடங்கின; எலிகளின் ரத்த அழுத்தமும் இறங்கியது. 2020இல் வெளிவந்த முடிவு இது. வாசலை உடைத்துத் திறக்காமல், கெட்டுப்போன இடத்தில் மட்டும் துணைப் புரதத்தைக் காப்பாற்றும் மருந்தாக இதை மாற்ற முடியுமா என்பதுதான் அடுத்த வேலை. எலியைத் தாண்டி மனிதரில் அதைச் சோதித்துக் காட்டியாக வேண்டும்.